நாலாவது ஆளுக்கான ரத்தப் பரிசோதனை

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. மயிலாப்பூரில், மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் நாலாவது மாடியில் நானும் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருக்கிறோம். எனக்குத் தி.நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை.

அந்த நாட்களில் எனக்கு எப்போது பார்த்தாலும் அசதி. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மாலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் பனகல் பார்க் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். வீட்டில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். "எல்லாம் ஹார்மோன் படுத்துற பாடு. நாப்பத்தஞ்சு தாண்டினா இப்படித்தான். ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்றார் பக்கத்து இருக்கைத் தோழி. அன்றைக்கு ஒரே ஒரு தடவை போனில் தேடினேன். அதன் பிறகு எதைத் திறந்தாலும் அந்த விளம்பரங்கள்தான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், தைராய்டு, பெண்களுக்கான ஹார்மோன்கள், இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின்கள், சர்க்கரை, கொழுப்பு, எல்லாம் ஒரே ஊசியில்.

குடும்பத்துக்கு என்று நாலு பேருக்கான ஒரு திட்டம் இருந்தது. தனித்தனியாக எடுப்பதைவிட அது லாபம். நாங்கள் மூன்று பேர், நாலாவது ஆளாக அடையாறில் இருக்கும் என் கணவரின் அண்ணன் என்று நினைத்துப் பதிவு செய்துவிட்டேன். கடைசி நேரத்தில் அவர், "போன மாசம்தாம்மா எங்க டாக்டர் எல்லாத்தையும் பாத்தாரு. இன்னொரு தடவை எதுக்குக் குத்திக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஒரு இடம் மிச்சம். வீணாகப் போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்தவர் ஞாபகம் வந்தது.

பேச்சில் அவரை 'அவள்' என்றுதான் எப்போதும் சொல்லிவந்தேன். இப்போது எழுதும்போது அப்படி எழுத வரவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். முன்பு ஆற்றோரம் குடியிருந்தவர்கள். அரசாங்கம் அவர்களை அங்கிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்துவிட்டது. அங்கிருந்து விடியும் முன்னே பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வருவார். எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகள் அவருக்கு. முதலில் மூன்றாவது மாடி. அங்கே ஒரு கைக்குழந்தை. குழந்தையின் அம்மா வேலைக்குப் போகிறவர் என்பதால், சமையல், குழந்தை துணி என்று அரை நாளுக்கு மேல் வேலை இருக்கும். அந்த வீட்டுச் சம்பளத்தில்தான் அவர் குடும்பம் ஓடியது. இடையில் நாலாவது மாடிக்கு ஏறி வந்து எங்கள் வீடு, எங்களுக்கு எதிர் வீட்டு மாமி வீடு. எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நம்பிக்கையான ஆள். கை சுத்தம், வாய் சுத்தம். ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு இன்னாத்துக்குக்கா அதெல்லாம்? நான் நல்லாதான் கீறேன்."

"ஒரு ஊசிதான். எல்லாம் தெரிஞ்சிடும். வெளியில எடுத்தா எவ்வளவு ஆகும் தெரியுமா?"

"அதான் சொல்றேன். நம்மளுக்கு எதுக்கு."

"நான் சொல்றேன்ல. நாளைக்கு வெறும் வயித்துல வா. டீ கூடக் குடிக்காத."

மறுபடியும் மறுத்தார். நானும் விடவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த நல்ல மனசுக்குள், மிச்சமான குழம்பை டப்பாவில் போட்டுக் கொடுக்கும்போது வருமே ஒரு திருப்தி, அதுவும் இருந்தது. பதிவில் ஆள் பெயரை மாற்றும்போது உறவு என்ன என்று கேட்டது. கணவர், மகள், அம்மா, சகோதரி என்றெல்லாம் இருந்தது. வீட்டில் வேலை செய்பவர் என்று ஒன்று இல்லை. 'சகோதரி' என்று போட்டேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

மறுநாள் காலை ரத்தம் எடுக்க ஒரு நடுத்தர வயது மனிதர் வந்தார். எங்கள் மூன்று பேருக்கும் முடிந்ததும் சமையலறையில் இருந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து நின்றார். "உக்காருங்கம்மா, நின்னா எப்படி எடுக்கறது" என்று வந்தவர் சொன்ன பிறகு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நாலு வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

ஹார்மோன் பரிசோதனை என்பதால் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வந்தவர் போனைப் பார்த்தபடி, "கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா?" என்று கேட்டார். என் கணவர் எதிரே சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு. டெஸ்ட்டுக்குத்தானே கேக்கறாங்க" என்றேன் நான்.

"இப்பதான்" என்றார் மெதுவாக.

"இப்பன்னா? என்ன தேதி?"

"தேதின்னா… நடந்துக்கினுதான் கீது."

வந்தவர் எதையோ தட்டிக்கொண்டார். நானும் காதில் வாங்கினேன். வாங்கி என்ன, உள்ளே போகவில்லை. "ரிப்போர்ட் இவங்க நம்பருக்கா?" என்று அவர் கேட்டபோது, அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், "நாலு பேருதும் என் நம்பருக்கே அனுப்பிடுங்க. எனக்குத்தான் பாக்கத் தெரியும்" என்று நானே பதில் சொன்னேன்.

அடுத்த நாள் பிற்பகல், அலுவலகத்தில் இருக்கும்போது முடிவுகள் வந்தன. என்னுடையதைத்தான் முதலில் திறந்தேன். வைட்டமின் டி குறைவு. மற்றதெல்லாம் சரி. இத்தனை அசதிக்கு இவ்வளவுதானா என்று லேசான ஏமாற்றம்கூட வந்தது. கணவருக்குக் கொழுப்பு கொஞ்சம் அதிகம். மகளுக்கு ஒன்றுமில்லை. நாலாவதைத் திறந்ததும் கண்ணில் பட்டது எல்லாம் சிவப்பு. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுக்குப் பக்கத்தில் நின்றது. இரும்புச்சத்து அடிமட்டத்தில். தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவும் என்று கீழே தனியாக ஒரு வரி.

எனக்குப் படபடப்பாக இருந்தது. நிஜம். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், படபடப்போடு இன்னொன்றும் இருந்தது. நல்ல வேளை நான் எடுக்கச் சொன்னேன், நான் சொல்லவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கைத் தோழியிடம் சொன்னேன். அவர் வாயில் கை வைத்தார். அந்தப் பெண்ணின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நாளைக்கு லீவா, பால் வாங்கி வைக்கட்டுமா என்று வாரத்துக்கு இரண்டு தடவை பேசும் நம்பர்தான். அன்றைக்கு அவருக்கு மட்டும் போன் செய்யவில்லை. நாளைக் காலையில் வருவார், உட்கார வைத்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் வீடு திரும்பியபோது, லிஃப்டில் எதிர் வீட்டு மாமியும் மூன்றாவது மாடிக் குழந்தையின் அம்மாவும் இருந்தார்கள். லிஃப்ட் கிளம்பியதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன்.

"நம்ம வீட்டுக்கு வர்றாளே, அவளுக்கு டெஸ்ட் எடுத்தோம். உடம்புல ரத்தமே இல்ல. ரிப்போர்ட் பூரா சிவப்பு. பாவம்."

மாமி பதறிப்போனார். "என்னடி சொல்றே. அப்படின்னா உள்ள ஏதாவது பெரிசா இருக்குமோ? ஒட்டிக்கற வியாதியா கிதியா இருந்துடப் போறது. கொழந்தை இருக்கற ஆத்துல வேற போய் வந்துண்டிருக்கா."

"தெரியல மாமி. டாக்டர்கிட்ட காட்டினாத்தான் தெரியும்" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ரத்தச்சோகை ஒட்டிக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் மாதிரி பேசுவதில் ஒரு சுகம். குழந்தையின் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூன்றாவது மாடியில் அவர் இறங்கிக்கொண்டார், கதவு மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. அவரிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு, மணி அடித்ததே இல்லை. கதவைத் திறந்தால் அவர்தான். உள்ளே வரவில்லை. கையில் துணிப்பை. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. எங்கள் கட்டடத்தில் வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறுவதில்லை. பலகை எதுவும் மாட்டவில்லை. எப்போதோ யாரோ ஒருவர் முகம் சுளித்திருக்கிறார், அதிலிருந்து அப்படித்தான்.

"உள்ள வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"எனக்கு இன்னாக்கா கீது?"

நான் வழிவிட்டு நகர்ந்தும் அவர் வாசலிலேயே நின்று பேசினார்.

"மூணாவது மாடில இனிமே வர வேணான்னுட்டாங்க. கொயந்த கீது, நீங்க உடம்ப பாத்துக்கோங்கன்னு வாசல்லயே நிக்க வச்சு சொல்றாங்க. ரத்தத்துல ஏதோ கோளாறாமேன்றாங்க. கோயிலுக்குக் கிளம்பின எதிர் வூட்டு மாமி, படியாண்ட என்னைப் பாத்ததும் எட்டப் போய் நின்னுக்கினு பேசறாங்க. என் ரத்தத்துல இன்னா கீதுன்னு அவங்கல்லாம் தெரிஞ்சு வச்சுக்கினு கீறாங்க. எனக்குத்தான் தெரில."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் எதையாவது பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன்.

நான் அவசர அவசரமாகப் போனை எடுத்தேன். "ஒண்ணும் பயப்படாத. ஹீமோகுளோபின்தான் கம்மி. பன்னெண்டு இருக்கணும், உனக்கு…"

"எப்ப வந்துச்சு இது?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானம்" என்று ஒரு முறை திருப்பிச் சொன்னார். "எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாமில்லக்கா."

போனைத் தாழ்த்திக்கொண்டேன். உள்ளே என் கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். மகளுக்கு முன்னால் அப்படி நிற்க நேர்ந்தது என்னை இன்னும் சிறுமைப்படுத்தியது.

"தப்புதான். வா, நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, பையிலிருந்து சாவியை எடுத்து வாசல் பக்கம் இருந்த செருப்பு அலமாரி மேல் வைத்தார். திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

பின்னாலேயே போயிருக்க வேண்டும். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். என் கணவரிடம் திரும்பி, "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் கீழேயிருந்து மாமியின் குரல் கேட்டது. கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், லிஃப்ட் மேலே போயிருக்கிறதே என்று படியேறியிருக்கிறார்.

"யாராவது ஓடி வாங்கோ. இவ விழுந்துட்டா. சீக்கிரம் வாங்கோ."

இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில், சுவரில் சாய்ந்த மாதிரி சரிந்து கிடந்தார். முகத்தில் நிறமே இல்லை. உதடுகூட வெளுத்திருந்தது. முந்தின நாள் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்த அதே மாமி, படியில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கண் திறந்ததும், முதல் காரியமாக அந்தப் பெண் தன் புடவையைப் பின்பக்கம் இழுத்து விட்டுக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன். படியில் ரத்தம்.

நானும் என் மகளும் அவரை லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். சந்து முனையில் ஆட்டோ கிடைத்தது. "பெரியாஸ்பத்திரிக்கே போய்டுங்க, அங்கதான் உடனே பாப்பாங்க" என்று ஆட்டோக்காரர் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சீட்டு அழுக்காகிவிடும் என்று அந்த நிலையிலும் அவர் நுனியில் உட்காரப் பார்த்தார். நான் பிடித்துச் சாய்த்துக்கொண்டேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. நகமெல்லாம் காகிதம் மாதிரி வெளுப்பு. நாலு வருடமாகத் தினமும் எனக்குக் காபி தம்ளரை நீட்டிய கை அது. வெளுப்பைப் பார்க்க ஒரு ரிப்போர்ட் வேண்டியிருந்ததா எனக்கு?

அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். "இவங்க எங்க வீட்டுல வேலை செய்யறாங்க" என்றேன். உடனே போனை நீட்டி ரிப்போர்ட்டைக் காட்டப் போனேன். டாக்டர் அதை வாங்காமல் அவர் பக்கம் குனிந்து, "எவ்வளவு நாளா போகுதும்மா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்துவிட்டேன். ஆனாலும் காதில் விழுந்தது. மாசக்கணக்காகவே நிற்கவில்லையாம். நடுவில் ஒன்றிரண்டு நாள் விடும், மறுபடி வரும். உடம்புச் சூட்டால் இருக்கும் என்று நினைத்தாராம். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காராமல் நின்றுகொண்டே வருவாராம். வேலை செய்யும் இடத்தில் துணி மாற்ற வசதி இல்லாததால், காலையில் வைத்ததோடு வீடு திரும்பும் வரை சமாளிப்பாராம்.

வசதி இல்லை என்று அவர் சொன்ன இடம் எங்கள் கட்டடம். வேலைக்காரர்களுக்கு என்று கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கழிப்பறை உண்டு. அதன் தாழ்ப்பாள் உடைந்து எத்தனை காலமோ. என் வீட்டில் இரண்டு குளியலறைகள். இரண்டையும் தினமும் கழுவியவர் அவர். அதில் ஒன்றை உபயோகித்துக்கொள் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அவருடைய தைராய்டு முதல் கால்சியம் வரைக்கும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட எனக்கு, இது தெரியாது. திரைக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்த யாருக்கும் என்னைத் தெரியாது. இருந்தாலும் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். சாதாரணக் கட்டிதான், பயப்பட வேண்டாம், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், உடம்பு தேறியதும் ஆபரேஷன். முதல் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணை மூடியபடியே பேசினார்.

"என் வூட்டுக்காரருக்குப் போன் போட்டாச்சா?"

"போட்டாச்சு. வந்துட்டிருக்காரு."

"அவருகிட்ட இன்னா சொல்லணுமோ அத்த நான் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சரி" என்றேன்.

அவர் கணவர் வந்தார். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும், "இன்னா ஆச்சும்மா அதுக்கு? ஏதோ ரத்த டெஸ்ட்டுன்னு முந்தாநேத்து சொல்லிச்சு. இன்னா வந்துகீது அதுல?" என்று கேட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. "அவங்க உள்ள இருக்காங்க. அவங்களே சொல்வாங்க" என்றேன். நாலு வருடத்தில் அவரை 'அவங்க' என்று நான் சொன்னது அந்த ஆஸ்பத்திரியில்தான்.

அன்று மாலை மூன்றாவது மாடிக்குப் போனேன். ஒட்டிக்கொள்ளும் வியாதி எதுவும் இல்லை, அந்த வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். குழந்தையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் ஆன்ட்டி. ஆனா நீங்கதானே தெரியலைன்னு சொன்னீங்க. எனக்கு ராத்திரியெல்லாம் பயம்" என்றார். அன்றைக்கே வேறொரு பெண்ணை வரச் சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பெண்ணும் பிழைக்க வந்தவர்தானே, அவரைப் போகச் சொல்லுங்கள் என்று நான் எப்படிக் கேட்பது. மாமி மட்டும் மறுநாள் ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்விட்டு வந்து என்னிடம் சொன்னார், "நான் அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேண்டி. நீயும் கேட்டுடு. சுத்தி வளைக்காம கேளு."

கேட்டேன். அவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்துக்குப் போனேன். வரட்டுமா என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டுதான் போனேன். அவர் வருகிற பஸ்ஸிலேயே போனேன். அவ்வளவு தூரத்தை அவர் நின்றுகொண்டே வந்திருக்கிறார் என்பது, உட்கார்ந்து போன எனக்கே இடுப்பு வலித்தபோது புரிந்தது. உயரமான வரிசைக் கட்டடங்களில் ஒன்றில் அவர் வீடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்குப் பிடிக்குமே என்று சர்க்கரை குறைத்துக் காபி போட்டுக்கொண்டு வந்தார். தம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"என்னை மன்னிச்சிடு… மன்னிச்சிடுங்க" என்றேன். வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. நல்லதுக்குத்தான் செய்தேன் என்று வாய் வரை வந்ததை முழுங்கிவிட்டேன்.

ஜன்னல் பக்கம் இருந்த தன் போனை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்த ரிப்போர்ட்டு உங்க போன்லதான கீது?" என்று கேட்டார்.

"ஆமா."

"எனக்கு அனுப்பிட்டு உங்களுதுல அயிச்சுருங்கக்கா."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க அனுப்பினேன். அவர் போனில் வந்து சேர்ந்த சத்தம் கேட்டதும் என்னுடையதில் அழித்தேன். அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்தும் அவர் பெயரை எடுத்தேன். எல்லாம் முடிந்ததும் அவர் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, சிவப்பு எழுத்துகளை விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் உடம்பைப் பற்றிய விஷயத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான், என் தோழி, மாமி, மூன்றாவது மாடி, எல்லாரும் தெரிந்துகொண்டு பேசி முடித்த பிறகு.

உடம்பு தேறினதும் வேலைக்கு வந்துவிடுங்கள், உங்களுக்கு என்ன வசதி வேண்டுமோ செய்கிறேன் என்று கூப்பிட்டேன். எங்கள் குளியலறையை உபயோகிக்கலாம் என்றும் சொன்னேன். சொல்லும்போதே, அதைச் சலுகை மாதிரி சொல்கிறேனே என்று கூசியது.

"வேணாங்க்கா" என்றார். "கோவம்லாம் இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனது நீங்கதான், அத்த நான் மறக்க மாட்டேன். ஆனா அந்தக் கட்டடத்துல வந்து நின்னா, எல்லாரும் என்னைப் பாக்கறப்போ, என் உடம்பத்தான் பாக்கற மாதிரி இருக்கும்."

கஞ்சி கொண்டுபோன மாமியின் வீட்டுக்கும் அவர் திரும்பி வரவில்லை.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. நன்றாக ஆகிவிட்டது. இப்போது அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறார். முன்னைவிடச் சம்பளம் குறைவுதான், ஆனால் பஸ் இல்லை, படி இல்லை. பொங்கலுக்குப் போனில் பேசினோம். "இப்பலாம் மூச்சு வாங்கறதே இல்லக்கா" என்று அவராகச் சொன்னார். எனக்கு எவ்வளவோ கேட்கத் தோன்றியது. மறுபடி ரத்தம் பார்த்தீர்களா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. அவராகச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்தின் கூட்டத்தில் கீழ்க் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் குழாயும் குப்பைக்கூடையும் வைக்கச் சொன்னேன். லிஃப்டில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று எழுதி ஒட்டச் சொன்னேன். ஒன்றிரண்டு முணுமுணுப்போடு செய்தார்கள். அதைச் செய்துவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அவரால் உபயோகப்படுத்த முடியாத தாழ்ப்பாள் அது.

அந்தச் சோதனை அவர் உயிரைக் காப்பாற்றியது என்று, விஷயம் தெரிந்த சிலர் என்னிடம் சொல்வார்கள். இருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லும்போது நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஒருவருக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், அவருக்கே தெரியாத அவர் விஷயத்தை ஊருக்குச் சொல்லி, அவர் சோற்றில் கை வைத்தேன். இன்றைக்கும் யாரைப் பற்றியாவது "பாவம்" என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அதை முதலில் அந்த மனிதரிடமே கேட்டேனா என்று யோசித்து, வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறேன்.